சித்திரமும் தீர்ப்பும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் வழக்கு. வாய் பொய்த்தாலும் முகம் பொய்க்காது என்ற நம்பிக்கையில் பிறந்த சொல் அது. ஆனால் முகத்தையும் மூடிக்கொள்ளத் தெரிந்தவன் மனிதன். ஞாயிறு திருப்பலியில் நமக்கு அருகே அமர்ந்து, சிரித்த முகத்தோடு சமாதானம் சொல்லிச் செல்கிறவர் உள்ளுக்குள் எதைச் சுமக்கிறார் என்பதை நாம் அறியோம். வாயும் முகமும் சொல்ல மறுப்பதைக் கை சொல்லிவிடாதா? தாளையும் பென்சிலையும் கொடுத்து, 'ஏதாவது வரையுங்கள்' என்று சொன்னால், வரைபவரின் மனநலமும் மனநலிவும் அக்கோடுகளில் வந்து அமர்ந்துவிடாதா? இந்தக் கேள்வியை மருத்துவ உலகம் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. கிடைத்த விடைகளின் வரலாறோ நாம் எதிர்பார்ப்பதைவிட இருண்டது. அதன் நடுவில் நிற்பவை, ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக மனநல மருத்துவமனையில் சேர்ந்த சில ஆயிரம் தாள்கள்.

முதலில் கேட்டவர்களுள் ஒருவர் இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்புரோசோ. குற்றவாளியை மண்டையோட்டின் வடிவிலும் தாடையின் அமைப்பிலும் கண்டுபிடித்துவிடலாம் என்று கருதியவர் இவர். அகத்தை முகத்தில் தேடும் பழக்கத்தை அளவுகோலும் கையுமாக விஞ்ஞானமாக்க முயன்றவர் என்றே சொல்லலாம். அதே மனப்போக்கோடு மனநோயாளிகளின் ஓவியங்களையும் சிற்பங்களையும் சேகரித்து, இன்னின்ன இயல்புகள் இருந்தால் அது பித்தரின் கைவேலை என்று பட்டியலிட்டார். மேதைமையும் பித்தும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது அவர் கொள்கை. அது படித்தோர் நடுவே பெரிதும் பரவியது. பிறகு 1906இல் ஃபிரிட்ஸ் மோர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், நோயாளிகளை ஒரு படத்தைப் பார்த்து வரையச் சொல்லியும், தாமாக வரையச் சொல்லியும் சோதித்து, அவ்வரைவுகளைக் கொண்டு நோயைக் கண்டறிய முடியுமா என்று ஆராய்ந்தார். இன்று உலகெங்கும் வழங்கும் வரைதல் சோதனைகளுக்கு அவரை முன்னோடி எனலாம்.

இந்நிலையில் 1919இல் ஹான்ஸ் பிரின்ட்ஸ்ஹார்ன் என்பவர் ஹைடல்பெர்க் மருத்துவமனையில் உதவி மருத்துவராகப் பொறுப்பேற்றார். 1886இல் பிறந்த இவர் முதலில் கற்றது கலை வரலாறு. இசை பயின்று பாடகராகவும் விரும்பினார். மருத்துவம் அதன் பின்னரே வந்தது. முதல் உலகப்போரில் இராணுவ மருத்துவராகப் பணிபுரிந்தவர். மருத்துவமனைத் தலைவர் கார்ல் வில்மன்ஸ் அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். புகழ்பெற்ற மனநல அறிஞர் எமில் கிரேப்பலின் அங்கே பணியாற்றிய காலத்தில் நோயாளிகளின் வரைவுகள் சிலவற்றைப் பாடம் நடத்துவதற்காகச் சேர்த்து வைத்திருந்தார். அந்தச் சிறு சேகரிப்பைப் பெருக்க வேண்டும் என்பதே அவ்வேலை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளின் மனநலக் காப்பகங்களுக்குக் கடிதங்கள் பறந்தன. பெட்டி பெட்டியாகத் தாள்கள் வந்து சேர்ந்தன. 1921இல் பிரின்ட்ஸ்ஹார்ன் அங்கிருந்து விலகியபோது, ஏறத்தாழ 450 நோயாளிகளின் 5,000க்கும் மேற்பட்ட படைப்புகள் அங்கே இருந்தன.

அவற்றுள் பல, தாள் என்ற பெயருக்கே தகுதியற்றவை. செய்தித்தாளின் ஓரம், பொட்டலம் கட்டிய காகிதம், கழிவறைத் தாள், மருத்துவமனைப் படிவத்தின் பின்புறம் ஆகியவற்றில் வரைந்திருந்தார்கள். வரைந்தவர்களில் பெரும்பாலோர் ஓவியம் பயிலாதவர்கள். ஆண்டுக்கணக்கில், சிலர் வாழ்நாளெல்லாம், காப்பகச் சுவர்களுக்குள் அடைபட்டவர்கள். 'வரையுங்கள்' என்று அவர்களிடம் எவரும் சொல்லவில்லை. சொல்லாமலே வரைந்தார்கள். இதை நாம் கருத்தில் இருத்த வேண்டும். சோதனைக்காக வரைந்ததும் தாங்க முடியாமல் வரைந்ததும் ஒன்றல்ல.

1909இல் ஹைடல்பெர்க் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட எம்மா ஹவுக் என்னும் இளந்தாயை எடுத்துக்கொள்வோம். வீட்டில் கணவரும் இரு சிறு பெண் குழந்தைகளும் இருந்தனர். அவர் கணவருக்குப் பென்சிலால் கடிதங்கள் எழுதினார். அக்கடிதங்களில் செய்தி என்று ஏதுமில்லை. அன்பரே வாரும் என்று பொருள்படும் ஓரிரு சொற்களையே மீண்டும் மீண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக, தாள் முழுவதும் கருத்துப்போகும்வரை எழுதியிருக்கிறார். தொலைவிலிருந்து நோக்கினால் மழை இறங்குவதுபோல் தோன்றும் தூண்கள். அருகே சென்றால் ஒவ்வொரு துளியும் ஓர் அழைப்பு. அக்கடிதங்கள் அஞ்சலில் சேர்க்கப்படவே இல்லை. நோய்க்குறிப்புகளோடு கோப்பில் கிடந்தன. அவர் 1920இல் காப்பகத்திலேயே இறந்தார். அந்தத் தாளை நோயின் அறிகுறியாக வாசித்தவர்களை முற்றிலும் பிழை சொல்ல முடியாது. ஆனால் அது கணவருக்கு எழுதிய கடிதமும் அல்லவா?

பிரின்ட்ஸ்ஹார்ன் 1922இல் தம் ஆய்வை ஒரு பெருநூலாக வெளியிட்டார். அதன் தலைப்பில் 'கலை' என்ற சொல்லை வேண்டுமென்றே விலக்கி, 'உருவாக்கம்' என்று பொருள்படும் சொல்லை அமைத்தார். கலையா அல்லவா என்ற தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிட அவர் விரும்பவில்லை. பத்துப் பேரைத் தேர்ந்து, அவர்களுடைய வாழ்வையும் படைப்பையும் விரிவாக எழுதினார். அவர்களையும் குடும்பத்தாரையும் காக்கும் பொருட்டுப் புனைபெயர்கள் சூட்டினார். கொத்தனார் ஒருவர் மரத்தில் செதுக்கிய உருவங்களும், தாம் வானில் கண்டதாகச் சொன்ன காட்சியைப் பொறியாளருக்குரிய துல்லியத்தோடு வரைந்த ஒருவரின் படங்களும் அந்நூலில் உண்டு. நூல் கலைஞர் உலகில் பெரும் பரபரப்பை விளைவித்தது. மாக்ஸ் எர்ன்ஸ்ட் அதைப் பாரிசுக்கு எடுத்துச் சென்றார். பவுல் கிளே அதைப் போற்றினார்.

ஆனால் நமக்கு வேண்டியது அவருடைய முடிவு. இத்தனை ஆயிரம் படங்களைப் புரட்டிய பிறகு அவர் சொன்னது இது: படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வரைந்தவர் நோயாளி என்று உறுதியாகச் சொல்ல இயலாது. குழந்தை சுவரில் கிறுக்குவதற்கும், பேராசான் ஓவியம் தீட்டுவதற்கும், காப்பகத்து நோயாளி பொட்டலக் காகிதத்தில் வரைவதற்கும் அடியில் இருப்பது மனிதர் யாவர்க்கும் பொதுவான உருவாக்க வேட்கையே. ஆகவே 'இந்த ஓவியர் அந்த நோயாளியைப் போல வரைகிறார், எனவே இவரும் நோயாளி' என்ற வாதம் மேலோட்டமானது, தவறானது என்று வெளிப்படையாகவே எச்சரித்தார். நோயறியும் கருவியைத் தேடி அனுப்பப்பட்டவர், அப்படிப்பட்ட கருவி இல்லை என்ற விடையோடு திரும்பி வந்தார். அந்நூலின் மிகச் சிறந்த பகுதி அதன் படங்களைவிட இந்த மறுப்பே என்பது நம் கருத்து.

அவர் எச்சரித்த வாதமே அடுத்த இருபது ஆண்டுகளில் அரசின் கொள்கையாயிற்று. 1928இல் பவுல் ஷுல்ட்சே-நவும்புர்க் என்னும் கட்டடக் கலைஞர், புதுக்கலை ஓவியங்களையும் உடற்குறையும் நோயும் உற்றவர்களின் புகைப்படங்களையும் அருகருகே அச்சிட்டு ஒரு நூல் வெளியிட்டார். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தனர். அவ்வாண்டே பிரின்ட்ஸ்ஹார்ன் நோயுற்று இறந்தார். ஹிட்லரைப் பற்றி மருத்துவர் என்ற முறையில் சொன்ன கருத்துக்காக வில்மன்ஸ் பதவி நீக்கப்பட்டார். அவ்விடத்துக்கு வந்தவர் கார்ல் ஷ்னைடர். 1937 ஜூலையில் மியூனிக் நகரில் 'சீரழிந்த கலை' என்னும் கண்காட்சி திறக்கப்பட்டது. அரசு வெறுத்த ஓவியர்களின் படைப்புகளை இகழ்ச்சி வாசகங்களோடு மக்களுக்குக் காட்டுவதே அதன் நோக்கம். இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைக் கண்டனர். அக்கண்காட்சி பிற நகரங்களுக்குச் சென்றபோது, ஹைடல்பெர்க் சேகரிப்பிலிருந்து நோயாளிகளின் படைப்புகள் எடுத்துச் செல்லப்பட்டுப் புகழ்பெற்ற ஓவியர்களின் படைப்புகளோடு ஒப்பிட்டு வைக்கப்பட்டன. இரண்டில் எது மோசம் என்று பார்வையாளரைக் கேட்பது உத்தி. அவற்றை இரவல் தந்தவர் ஷ்னைடர். நோயாளிகளின் தாள்கள் இவ்வாறு ஒரே சமயத்தில் இரு தரப்பாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றின. ஓவியர்களுக்கு எதிராக அவை சாட்சியாயின. வரைந்த நோயாளிகளுக்கோ அவை தீர்ப்பாயின.

தீர்ப்பு எத்தகையது என்பதை ஃபிரான்ஸ் கார்ல் பூலர் என்பவரின் கதை காட்டும். பிரின்ட்ஸ்ஹார்ன் நூலில் ஃபிரான்ஸ் போல் என்ற புனைபெயரில் வருபவர் இவரே. 1864இல் ஓஃபன்புர்க் நகரில் பிறந்தார். இரும்பில் கலைவேலை செய்யும் கொல்லர். ஸ்ட்ராஸ்பூர்க் கலைத்தொழிற் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அவர் அடித்து வடித்த இரும்பு வாயில் பதக்கம் பெற்றது. 1898இல் மனநோய் பற்றிக்கொண்டது. பிறரால் துரத்தப்படுவதாக அஞ்சினார். அதன் பிறகு நாற்பதாண்டுக்கு மேல் அவர் வாழ்வு காப்பகங்களிலேயே கழிந்தது. அங்கே வரைந்துகொண்டே இருந்தார். உடனிருந்த நோயாளிகளை வரைந்தார். தம் முகத்தையே மீண்டும் மீண்டும் வரைந்தார். வாளேந்திய வானதூதர் ஒருவர் மனிதனின் கழுத்தை நெரிக்கும் ஓவியம் அவர் படைப்புகளில் பெயர்பெற்றது. அதைக் கண்ட பிரின்ட்ஸ்ஹார்னுக்கு ஜெர்மானிய சமய ஓவியத்தின் பேராசான்களாகிய குருனவால்டும் டியூரரும் நினைவுக்கு வந்தார்கள். அச்சமும் ஒளியும் ஒருங்கே நிறைந்த அப்படத்தை ஒருவர் நோய்க்குறி என்று சொல்லலாம்; இன்னொருவர் திருவிவிலியத்தின் அழிவுத் தூதரை அறிந்த உள்ளம் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்திருக்கக் கூடும்.

1939 இலையுதிர் காலத்தில் ஜெர்மனியின் காப்பகங்களுக்கு ஒரு பக்கப் படிவங்கள் வந்தன. நோயாளியின் பெயர், நோய், காப்பகத்தில் கழித்த ஆண்டுகள், பார்க்க யாரேனும் வருகிறார்களா, என்ன வேலை செய்ய முடியும் என்பவை கேட்கப்பட்டிருந்தன. நிரப்பிய படிவங்கள் பெர்லினில் நிபுணர்களிடம் சென்றன. அவர்கள் நோயாளியை நேரில் கண்டதில்லை. படிவத்தின் ஓரத்தில் சிவப்புக் கூட்டல் குறி இட்டால் சாவு. நீலக் கழித்தல் குறி இட்டால் உயிர். அந்த நிபுணர்களுள் ஒருவர் ஹைடல்பெர்க் பேராசிரியர் ஷ்னைடர். உழைப்பின் மூலம் நோயாளிகளைத் தேற்றும் முறையைப் பற்றி அறிவார்ந்த நூல் எழுதியவர் இவர் என்பதை எண்ணும்போது நமக்குத் திகைப்பே மிஞ்சுகிறது. நோயாளி வரைந்த தாளைப் பார்த்து அவரைப் 'பயனற்றவர்' என்று இகழ்ந்த அதே கண்கள், நோயாளியைப் பற்றிய தாளைப் பார்த்து உயிரைப் பறித்தன. இரண்டிலும் ஆளைக் காணத் தேவையிருக்கவில்லை.

பூலர் 1940 மார்ச் 5ஆம் நாள் எம்மன்டிங்கன் காப்பகத்திலிருந்து கிராஃபனெக் மாளிகைக்குக் கொண்டு செல்லப்பட்டு, நச்சுவாயுவால் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு 75 வயது. உடற்குறையுற்றோரைப் பராமரிக்கும் இல்லமாக இருந்த அந்த மாளிகையில் அந்த ஓராண்டில் மட்டும் 10,654 பேர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 31ஆம் நாள் பிர்னா-சோனன்ஸ்டைனில் எல்ஃபிரீட லோஸே-வெக்ட்லர் என்னும் பெண் ஓவியரும் கொல்லப்பட்டார். 1929இல் ஹாம்பர்க் காப்பகம் ஒன்றில் இரு மாதம் இருந்தபோது உடனிருந்த பெண்களின் முகங்களை இவர் வரைந்தார். அவற்றில் நோயைத் தேடினால் தென்படுவது அரிது. தென்படுவது ஒரு தோழியின் கூர்ந்த பார்வை. இவருக்கு 1935இல் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது.

இங்கே நம் திருச்சபையைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. 1941 ஆகஸ்ட் 3ஆம் நாள் முன்ஸ்டர் ஆயர் கிளெமன்ஸ் அவுகுஸ்ட் ஃபொன் காலன், புனித லம்பெர்த்து ஆலயத்தின் மறையுரை மேடையில் ஏறி, தம் மறைமாவட்டத்துக் காப்பகங்களிலிருந்து நோயாளிகள் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்படுவதை வெளிப்படையாகக் கண்டித்தார். அரசு வழக்குரைஞரிடம் கொலைப்புகார் கொடுத்திருப்பதாகவும் அறிவித்தார். பயன் தருவதே வாழும் உரிமைக்கு அளவு என்றால், முதுமையடையும் நம் எல்லோருக்கும், போரில் ஊனமுற்றுத் திரும்பும் வீரருக்கும் என்ன நேரும் என்பது அவர் எழுப்பிய வினா. மறையுரை கையெழுத்துப் படிகளாக நாடெங்கும் பரவியது. அவ்வுரைகளைப் பரப்பிய லூபெக் நகரத்து இளங்குருக்கள் யோகான்னஸ் பிராசெக், எட்வர்ட் முல்லர், ஹெர்மன் லாங்கே ஆகிய மூவரும், அவர்களுடைய நண்பரான லூத்தரன் போதகர் கார்ல் ஃபிரீட்ரிக் ஸ்டெல்பிரிங்கும் 1943 நவம்பர் 10ஆம் நாள் தலை துண்டிக்கப்பட்டனர். நால்வரின் இரத்தமும் ஒரே மாலையில், நிமிட இடைவெளிகளில் சிந்தப்பட்டது. ஆயர் 2005இலும் குருக்கள் மூவரும் 2011இலும் அருளாளர்களாக உயர்த்தப்பட்டனர்.

பெருமை கொள்ளலாம்; ஆனால் முழுமையாக எண்ணிப் பார்த்த பிறகே கொள்ள வேண்டும். கொலைகள் பற்றிய செய்தி 1940இலேயே ஆயர்களை எட்டியிருந்தது. எதிர்ப்புக் கடிதங்கள் அரசுக்கு எழுதப்பட்டன. ஆயினும் மேடையில் அவ்வளவு வெளிப்படையாக ஓர் ஆயர் பேச ஓராண்டு கடந்தது. ஆகஸ்ட் மாத இறுதியில் ஹிட்லர் நச்சுவாயுக் கொலைகளை நிறுத்தச் சொன்னபோது, கொன்றவர்களின் சொந்தக் கணக்குப்படியே 70,273 பேர் இறந்திருந்தனர். அதன் பின்னரும் பட்டினியாலும் மருந்தாலும் கொலைகள் போர் முடியும்வரை மறைவாகத் தொடர்ந்தன. ஷ்னைடர் 1946இல் விசாரணைக்கு முன் சிறையில் தூக்கிட்டு இறந்தார்.

போர் முடிந்தது. ஆளைவிடத் தாளை நம்பும் பழக்கம் முடியவில்லை. ஆனால் இப்போது அது நல்ல நோக்கத்தோடு வந்தது. அமெரிக்காவில் புளோரன்ஸ் குடனஃப் 1926லேயே, குழந்தை வரையும் மனித உருவில் கண் உண்டா, விரல் ஐந்தா என்று எண்ணி அறிவு வளர்ச்சியை மதிப்பிடும் முறையை வகுத்திருந்தார். எண்ணக் கூடியதை எண்ணியவரை அதில் ஓரளவு பொருள் இருந்தது. 1949இல் கேரன் மக்கோவர் மேலும் ஓர் அடி சென்றார். மனித உருவத்தை வரையச் செய்து, பெரிய தலை, அழுத்தமான கண், விடுபட்ட கை ஒவ்வொன்றுக்கும் உள்ளத்தின் ஒரு நிலையைப் பொருளாகக் கூறினார். வீடு, மரம், மனிதன் என மூன்றையும் வரையச் சொல்லும் சோதனையும் அக்காலத்ததே. பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் நீதிமன்றங்களிலும்கூட இவை நுழைந்தன.

1967இல் லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் என்னும் தம்பதியர் இதை எளிய முறையில் சோதித்தனர். இத்துறையை அறியாத கல்லூரி மாணவர்களிடம் மனித உருவப் படங்களைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு படத்தின் அடியிலும் வரைந்தவரின் மனக்குறை என்று ஒன்றை எழுதியிருந்தார்கள். உண்மையில் எந்தக் குறை எந்தப் படத்துக்கு என்பது மனம்போன போக்கில் சேர்க்கப்பட்டது; அவற்றுக்குள் ஒரு தொடர்பும் இல்லை. ஆயினும் பிறரைச் சந்தேகிப்பவர் கண்ணை அழுத்தி வரைகிறார், ஆண்மையைப் பற்றிக் கவலையுற்றவர் தோளை அகலமாக்குகிறார் என்று மாணவர்கள் கண்டறிந்து எழுதினார்கள். வியப்பு என்னவெனில், பல்லாண்டு அனுபவமுள்ள உளவியலாளர்கள் தம் பணியில் கண்டதாகச் சொல்லி வந்தவையும் இவையே. கண்ணுக்கும் சந்தேகத்துக்கும் உறவு நம் பேச்சு வழக்கில் இருக்கிறது, படத்தில் இல்லை. நாமே அங்கே வைத்துவிட்டு நாமே எடுத்துக்கொள்கிறோம்.

இங்கிலாந்தின் லூயிஸ் வெய்ன் கதையும் இத்தகையதே. பூனைகளை மனிதரைப் போல் உடுத்தி, தேநீர் அருந்தவும் சீட்டாடவும் வைத்து வரைந்து வீட்டுக்கு வீடு புகழ்பெற்ற ஓவியர் இவர். 1924இல் மனநலக் காப்பகத்தில் ஏழையர் பிரிவில் சேர்க்கப்பட்டார். அன்பர்கள் முயற்சியால் நல்ல இடத்துக்கு மாற்றப்பட்டார். 1939இல் இறந்தார். அவ்வாண்டு வால்டர் மக்ளே என்னும் மனநல மருத்துவர் லண்டனில் ஒரு கடையில் அவருடைய பூனைப்படங்கள் சிலவற்றைக் கண்டெடுத்தார். சாதுவான பூனையில் தொடங்கி, சிலிர்த்த பூனை, கண் விரிந்த பூனை, இறுதியில் பூனையே தெரியாத வண்ணக்கோல வடிவம் என அடுக்கினார். மனச்சிதைவு படிப்படியாக முற்றுவதன் சான்றாக அவ்வரிசை பல்லாண்டு பாடநூல்களில் இடம்பெற்றது. அப்படங்களில் தேதி இல்லை என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை. கோலவடிவங்களை வரைந்த அதே காலத்தில் வெய்ன் பழைய பாணிப் பூனைகளையும் வரைந்துகொண்டிருந்தார். நோயின் படிகளை அடுக்கியது மருத்துவரின் கை, ஓவியரின் கையன்று.

இவற்றால் சித்திரம் ஒன்றுமே சொல்லாது என்று முடிவு கட்டுவது மறுபக்கத் தவறு. மறதிநோய் உண்டா என்று அறிய முதியவரிடம் ஒரு வட்டத்தைக் கொடுத்து, கடிகார எண்களை எழுதி, பதினொன்று பத்துக்கு முட்களை வரையச் சொல்லும் சோதனை இன்றும் மருத்துவர்களிடம் உள்ளது. அது பயன் தருகிறது. ஏனெனில் அங்கே தேடப்படுவது நினைவும் திட்டமிடும் திறனும். உள்ளத்தின் இரகசியம் அன்று. அதுவும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்வதில்லை. பிற சோதனைகளுக்கு வழிகாட்டுகிறது.

இங்கிலாந்தின் நெதர்ன் மருத்துவமனையில் நடந்ததை இங்கே நினைக்கிறோம். 1946இல் எட்வர்ட் ஆடம்சன் என்னும் ஓவியர் அங்கே நியமிக்கப்பட்டார். நோயாளிகளுக்கு ஒரே அளவுத் தாளும் ஒரே வகை வண்ணமும் கொடுத்து, குறுக்கிடாமல் இருந்து, வரைந்தவற்றை மருத்துவர்களின் ஆராய்ச்சிக்குச் சேர்த்துக் கொடுப்பது அவருக்கு இட்ட பணி. அதாவது, அவரும் சான்று சேகரிக்கவே அழைக்கப்பட்டார். அம்மருத்துவமனைக்கு அவர் முதலில் சொற்பொழிவாற்ற வந்தபோது, நோயாளி ஒருவர் எரிந்த தீக்குச்சிகளால் கழிவறைத் தாளில் வரைந்த படங்களை அவர் கையில் திணித்தார் என்று சொல்வர். ஆடம்சன் 1981 வரை அங்கேயே இருந்தார். வந்தவர்கள் வரைந்தார்கள், அவர் அருகில் இருந்தார், பொருள் சொல்லவில்லை. விளக்கம் கேட்பவரைவிட உடனிருப்பவர் முன்னால்தான் கை தளர்ந்து கோடு போடுகிறது என்பதை அவர் அனுபவத்தால் கண்டார். அவர் காத்து வைத்தவற்றுள் சில ஆயிரம் படைப்புகள் இன்று லண்டனில் வெல்கம் சேகரிப்பில் உள்ளன.

நமக்கு அண்மையிலும் ஒரு முயற்சி உண்டு. போர்க்காலத்து மட்டக்களப்பில், குழந்தைகள் கண்ட வன்முறைகளை ஆராய்ச்சியாளர் முதலில் கணக்கெடுத்தனர். கணக்கெடுத்ததோடு நின்றுவிடாமல், கனடிய ஓவியர் பால் ஹோகனும் சேசுசபைக் குரு பால் சற்குணநாயகமும் உள்ளூர் இளைஞரும் சேர்ந்து 1996இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினர். தமிழ், முஸ்லிம் ஊர்களின் பிள்ளைகள் ஒரே பேருந்தில் வந்து, மண்ணைப் பிசைந்தும் வண்ணம் தீட்டியும் கதை சொல்லியும் மாதக்கணக்கில் ஒன்றாய்ப் பழகினார்கள். ஒரு தாளை ஒரு முறை வாங்கிப் பார்த்து மதிப்பெண் போடும் முறைக்கு நேர்மாறானது இது. பிள்ளை நலமடைகிறதா என்பதை அங்கிருந்தவர்கள் அறிந்தது, நாள்தோறும் உடனிருந்து பார்த்ததால்.

ஹைடல்பெர்க் தாள்களுக்குத் திரும்புவோம். வரைந்தவர்களுள் பலர் கொல்லப்பட்டனர். அவர்களைக் கேலிப்பொருளாக்கிய தாள்கள் போரிலும் அழியாமல் மருத்துவமனை அலமாரிகளில் தப்பின. 1963இல் ஹரால்ட் ஸேமன் அவற்றுள் சிலவற்றைச் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் காட்சிக்கு வைத்தார். 2001இல் அவற்றுக்கென மருத்துவமனை வளாகத்திலேயே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பாதுகாப்புக்காக அன்று சூட்டிய புனைபெயர்கள் நீக்கப்பட்டு, இன்று வரைந்தவர்களின் சொந்தப் பெயர்களே எழுதப்படுகின்றன. போல் மறைந்து பூலர் மீண்டார்.

அச்சேகரிப்பில் ஒரு சட்டையும் இருக்கிறது. ஆக்னஸ் ரிக்டர் என்னும் தையற்காரப் பெண் 1890களில் சாக்சனியின் ஹூபர்ட்டுஸ்புர்க் காப்பகத்தில் அடைபட்டிருந்தபோது, காப்பகம் கொடுத்த முரட்டுத் துணியைப் பிரித்துத் தைத்துத் தன் உடலுக்குப் பொருத்தமான மேற்சட்டை ஒன்றைச் செய்துகொண்டார். பின்னர் அதன்மேல் வண்ண நூல்களால் எழுத்துகளைத் தைத்தார். உள்ளும் புறமும், மடிப்பிலும் கையிலும், வரிக்குமேல் வரியாக எழுத்து. தன்னைக் குறிக்கும் 'நான்' என்ற சொல் பல இடங்களில் வருகிறது. காப்பகத்தின் பெயரும் துணிக்குறி எண்ணும் வருகின்றன. பயன்படுத்திய தடங்கள் துணியில் தெரிகின்றன. அவர் அதை அணிந்திருந்தார். உடலை ஒட்டிய உட்புறத்து எழுத்துகள் அணிந்தவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். நூற்றாண்டுக்குமேல் கடந்தும், ஆய்வாளர்கள் பலர் முயன்றும், அவ்வரிகளில் பெரும்பகுதி இன்னும் படிக்கப்படவில்லை.